பரிசலில் யாருக்காகவும் எந்திரிக்கக் கூடாது

ஆனி 9, வியாழன்

நேற்றுக் காலை பரிசலில் இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். துடுப்புப் போட்ட சித்தையன். அவன் மகள் மோனிஷா, நாலாம் வகுப்பு. என் பேத்தி தனுஸ்ரீ, ஆறாம் வகுப்பு. வெள்ளையன் பேரன்கள் கோகுலும் கவினும். நிலக்கடலை மூட்டையோடு செல்லாயி. இருசாயியாகிய நான். கடைசியாக ஏற வந்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் தீர்த்தகிரி. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கையால் எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

தாலுகா ஆபீசிலிருந்து விசாரிக்க வந்த ஆள் செல்லாயியை விட்டுவிட்டு எழுதிக்கொண்டு போனார். செல்லாயி என் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனவள். அதற்காக இருந்தவளை இல்லை என்று சொல்ல முடியுமா? அதனால்தான் தனுவின் போன வருடத்துக் கணக்கு நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களில் நானே எழுதிவைக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை போனவள். எழுத்து கோணும். விஷயம் கோணாது.

எங்கள் கோம்பைத்திட்டுக்கு மூன்று பக்கமும் அணைத்தண்ணீர், ஒரு பக்கம் மலை. பள்ளிக்கூடம் அக்கரையில். பரிசலில் போனால் ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரம். மலையைச் சுற்றிப் போனால் பாதி நாள் போய்விடும்.

பரிசல் கரையை விட்டு நகர்ந்துவிட்டது. "சித்தையா, நில்லுடா" என்று குரல் வந்தது. சித்தையன் திருப்பினான். அவர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து கால் வைத்தார். செருப்போடு வைத்தார், நடுவில் வைக்காமல் விளிம்பில் வைத்தார். பரிசல் சாய்ந்தது, கவிழ்ந்தது. நடந்தது அவ்வளவுதான்.

துறையில் தண்ணீர் இடுப்பளவு. ஆனால் கொஞ்சம் தள்ளி, அணை கட்டியபோது முழுகிய பழைய ஊரின் கிணறு அடியில் வாய் திறந்து கிடக்கிறது. தனு அதற்கு மேலே போய் விழுந்தாள். கவிழ்ந்த பரிசலை ஒரு கையாலும் தனுவின் சடையை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு மிதந்தது அந்த மோனிஷா. சித்தையன் நீந்திப்போய் இரண்டு பேரையும் இழுத்துக் கரையில் போட்டான். யாரும் சாகவில்லை. கடலை மூட்டை போயிற்று.

தப்பு சித்தையன்மேல். நகர்ந்த பரிசலை எதற்குத் திருப்பினான்?

ஆனி 10, வெள்ளி

தனு பேசவில்லை. கேழ்வரகுக் களி உருட்டிக் கொடுத்தேன், இரண்டு வாய் தின்றாள். குளிக்க ஊற்றும்போது பார்த்தேன், இடது தொடையில் நீலமாக ஒரு தடம். கல்லில் இடித்திருக்கும்.

சாயங்காலம் தீர்த்தகிரி மாமா எட்டிப் பார்க்க வந்தார். நான் எந்திரித்து முந்தானையை இழுத்துச் சொருகிக் கதவோரம் நின்றேன். தனு எந்திரிக்கவில்லை. பாயிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு மானம் போயிற்று. அவர் போனபிறகு, "இதையா சொல்லிக் குடுத்தேன் உனக்கு?" என்றேன். அவள் தொடையைத் தடவிக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

ஆனி 12, ஞாயிறு

துறை ஏலம் தீர்த்தகிரி மாமா பெயரில். சித்தையன் இனிமேல் துடுப்பைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பரிசல் மேட்டில் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. கூட்டத்தில் சித்தையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "என் தப்புதாங்க" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

பிள்ளைகள் எல்லாம் வீட்டில். இனிப் பரிசல் என்றாலே தனு மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறாள்.

ஆனி 13, திங்கள்

திருப்பூரிலிருந்து என் மகன் மாதேஷ் போன் போட்டான். அவனும் மருமகள் சாலாவும் பனியன் கம்பெனியில் வேலை. சின்னப் பையனை வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். தனு கைப்பிள்ளையாக இருந்ததிலிருந்து என்னிடம்தான்.

"ஆடி ஒண்ணு வருவேன், தனுவைக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றான்.

"பள்ளிக்கூடம்?"

"படிச்சது போதும். தம்பியப் பாத்துக்கிட்டு வூட்டுல இருக்கட்டும்."

"ஆறாவது படிக்கறவள வூட்டுல வெச்சு என்னடா பண்ணப்போற?"

"அப்ப என்ன, தண்ணியில வுட்டுட்டு நீ அழுவறத பாக்கச் சொல்றியா? பரிசலும் நின்னுபோச்சு, அவளும் ஏற மாட்டேங்கறா. தானா ஏறி ஸ்கூலுக்குப் போனான்னா வுட்டுட்டு வரேன். இல்லைன்னா துணிமணிய எடுத்து வெய்யி."

பேசி முடித்துவிட்டுத் துறைக்குப் போனேன். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வந்தேன். ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு மறுபடியும் போனேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனிக் காற்று சும்மா இருக்க விடாமல் அடிக்கிறது.

ஆனி 14, செவ்வாய்

மூன்று முறை துறைக்குப் போய் வந்தேன். முட்டி வலி.

ஆனி 16, வியாழன்

பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் அமுதவல்லி மலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். சின்ன வயசு, காலில் கேன்வாஸ் ஷூ, பேச்சு கொஞ்சம் நீளம். வீடு வீடாகப் போய், பிள்ளைகளுக்குப் பரிசலில் ஏறவும் இருக்கவும் இறங்கவும் முறையாகச் சொல்லிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

"நாங்க பொறந்ததுல இருந்து பரிசல்ல போறவங்க" என்றேன்.

"தெரியும் பாட்டி. பரிசல்ல ஏறினா முதல்ல என்ன செய்யணும், சொல்லுங்க."

"குந்தணும்."

"அப்புறம்?"

"அக்கரை வந்தா இறங்கணும்."

"நடுவுல?"

நடுவில் என்ன செய்வது? வெற்றிலை போடுவோம். அப்படித்தான் சொன்னேன். தனு சிரித்தாள். எட்டு நாளில் முதல் சிரிப்பு. டீச்சர்மேல் எனக்கு வந்த கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தேன்.

ஆனி 19, ஞாயிறு

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வரப்போவதில்லை.

கோயிலுக்கு முன்னால் இருக்கும் களத்தில் டீச்சர் சுண்ணாம்புப் பொடியால் பரிசல் அளவுக்கு ஒரு வட்டம் போட்டார். பிள்ளைகளை ஒவ்வொருவராக நடுவில் கால் வைத்து ஏறச் சொன்னார். ஏறின உடனே குந்த வேண்டும். ஒரு பக்கம் ஒருவர் என்றால் எதிர்ப்பக்கம் இன்னொருவர். புத்தகப் பையை முதுகில் மாட்டக் கூடாது, மடியில் வைக்க வேண்டும். கவிழ்ந்தால் நீந்திப் போகக் கூடாது, பரிசலையே பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்தது. கோகுல் வட்டத்துக்கு வெளியே காலை நீட்டி, "டீச்சர், முதலை கடிச்சிருச்சு" என்றான். தனுவும் வட்டத்துக்குள் ஏறிக் குந்தினாள். நான் வேப்பமரத்தடியில் கடலை உரித்துக்கொண்டே பார்த்திருந்தேன்.

பிறகு டீச்சர் கேட்டார், "அன்னைக்கு எப்படி உக்காந்திருந்தீங்களோ அப்படியே உக்காருங்க. என்ன நடந்துச்சுன்னு செஞ்சு காட்டுங்க."

கோகுல் தீர்த்தகிரி மாமா ஆனான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயிற்றைத் தள்ளி, "சித்தையா, நில்லுடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கவின் செல்லாயி ஆனான். நானாக நடிக்க ஆள் இல்லை. மோனிஷா, "நான்தான் தனுவோட ஆயா" என்று சொல்லித் தனு பக்கத்தில் போய்க் குந்தியது. கோகுல் வட்டத்துக்குள் காலை வைத்தான்.

உடனே அந்தப் பெண் தனுவின் தொடையில் கிள்ளுகிற மாதிரி கையை வைத்து, என் குரலிலேயே சொல்லியது: "எந்திரிடி, பெரிய தாத்தா வர்றாங்க, கண்ணு தெரியல?"

தனு எந்திரித்தாள். கவின் எந்திரித்தான். மோனிஷாவும் முந்தானையைச் சொருகுவது போலச் செய்துகொண்டு எந்திரித்தது.

களத்தில் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். செல்லாயி என்னைப் பார்த்தாள். கடலையைத் தோலோடு வாயில் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அப்படியா நடந்துச்சு?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"ஆமா டீச்சர். எல்லாரும் எந்திரிச்சோம். எங்கப்பா 'குந்துங்க குந்துங்க'ன்னு கத்துனாரு. எங்கப்பா மேல தப்பே இல்ல."

நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனி 20, திங்கள்

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அப்பனைக் காப்பாற்ற என்ன வேண்டுமானாலும் சொல்லும்.

ஆனி 21, செவ்வாய்

சித்தையன் வீட்டுக்குப் போனேன், கேட்டுவிடுவது என்று. அவன் வாசலில் குந்தி வலை பிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எந்திரித்தான்.

"உன் பொண்ணு ஊர் நடுவுல என்னைப் பத்தி என்ன சொல்லுச்சுன்னு தெரியுமா?"

"தெரியுங்க அத்த. ரெண்டு அடி வெச்சேன்."

"பொய் சொன்னதுக்கா?"

அவன் வலையைப் பார்த்தான். "பெரியவங்கள அப்படிச் சொல்லக் கூடாதில்லைங்களா, அதுக்கு."

"நீ கத்துனியா, குந்துங்கன்னு?"

"கத்துனேங்க."

"கூட்டத்துல ஏன் சொல்லல?"

"என்னாத்தங்க சொல்றது? மாமா நிக்கறாங்க, நீங்க நிக்கறீங்க. நானே வாங்கிக்கிட்டேன்."

அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தது. கன்னத்தில் கண்ணீர்க் கோடு காய்ந்திருந்தது. பார்வையில் பயம் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. சித்தையன் என்னைக் காப்பாற்றியிருக்கிறானாம். என்னைக் காப்பாற்றச் சொல்லி யார் கேட்டது?

திரும்பும்போது வழி தவறி மேட்டுக்குப் போய்விட்டேன். எத்தனை வருடம் நடந்த வழி. பரிசல் கவிழ்ந்தபடியே கிடந்தது, மேலே ஒரு ஓணான்.

ஆனி 23, வியாழன்

தீர்த்தகிரி மாமா வீட்டுக்குப் போனேன். நேரே அவரிடம் பேசுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அவர் மனைவி பச்சியம்மாள் அக்காவிடம்தான் சொல்ல வேண்டும். அக்கா நடுவில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மாமா கட்டிலில். நான் தூணுக்குப் பின்னால். மூன்று பேரும் ஒரே வாசலில்.

"அக்கா, பரிசல வுடச் சொல்லுங்க. சர்க்காரு குடுத்து கோயில் அறையில பூட்டியிருக்கற ஆரஞ்சு மிதவைச் சட்டையையும் புள்ளைங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்க."

மாமா சொன்னார், "அது புதுசா இருக்குது, அழுக்காயிரும். கலெக்டர் வந்தா காட்டணும்னு சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தார். "கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சுக்கா. கலெக்டர் பரிசல்ல வரமாட்டாருன்னு சொல்லுங்க. ஜீப்புலதான் வருவாரு."

மாமா செருமினார். "நான் வந்தா புள்ளைங்க குந்தியே இருக்கணும்னு அந்த டீச்சரம்மா சொல்லிக் குடுக்குதாமே, கேளு அவளை."

"பரிசல்ல மட்டும்தான்னு சொல்லுங்கக்கா."

"இன்னைக்குப் பரிசலு. நாளைக்கு வூட்டுலயும் குந்துவாங்க. அப்புறம் பெரியவன் என்ன, சின்னவன் என்ன?"

அக்கா சலித்துப்போனார். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா? நேராப் பேசுங்க."

நான் நேராகப் பேசவில்லை. தூணைப் பார்த்துத்தான் பேசினேன். "இன்னைக்குப் பதினாறாம் நாளு அக்கா. அந்தச் சடைய ஒருத்தி புடிக்காம வுட்டிருந்தா இன்னைக்கு எங்க வூட்டுல கருமாதி. மாமாதான் முன்னால நின்னு செய்யணும். அதுக்கும் நாங்க எந்திரிச்சுதான் நின்னிருப்போம்னு சொல்லுங்க."

அக்காவின் கை புளியிலேயே நின்றது. மாமா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கோயில் சாவியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார்.

"சித்தையனை வரச் சொல்லு. ஆடி ரெண்டு, திங்கக்கிழமை முதல் பரிசல். நானும் ஏறுவேன். எவன் குந்தியிருக்கறான்னு பாக்கறேன்."

சாவியை எடுக்கக் கட்டில்வரை போனேன். குனிந்துதான் எடுத்தேன்.

ஆனி 27, திங்கள்

கரையோரத் தண்ணீரில் பாடம். ஆரஞ்சுச் சட்டை போட்ட பிள்ளைகள் பூசணிக்காய் மாதிரி மிதக்கின்றன. வாரைக் காலுக்கு நடுவில் விட்டு மாட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் சட்டை மட்டும் மேலே வந்து ஆள் கீழே போய்விடுவாராம். செல்லாயியும் ஒன்றை மாட்டிப் பார்த்தாள். மாட்டியது கழற்ற வரவில்லை. நான் உதவவில்லை, அப்பளம் ஞாபகம் வந்தது.

தனு முழங்கால் தண்ணீர்வரை போனாள். எல்லாம் சரியாகச் செய்தாள். பாடத்துக்காக மட்டும் இறக்கிக் கட்டியிருந்த பரிசலில் ஏறச் சொன்னதும் திரும்பி என்னைப் பார்த்தாள், கரைக்கு வந்துவிட்டாள்.

ஆனி 29, புதன்

இன்றைக்கும் அப்படியே. டீச்சர் என்னை வீட்டில் இருக்கச் சொல்லிப் பார்த்தார். நான் ஏன் வீட்டில் இருக்க வேண்டும்?

ஆனி 31, வெள்ளி

தலை வாரிக்கொண்டிருந்தேன். எண்ணெய் வைத்து இரண்டாகப் பிரித்துவிட்டுக் கேட்டேன், "ஏன் சாமி, தண்ணியப் பாத்தா பயமா இருக்குதா?"

"தண்ணிக்குப் பயம் இல்ல ஆயா."

"பின்ன?"

நான் பின்னலை இழுத்தேன், வலிக்கிற மாதிரி இல்லை.

"நீ பக்கத்துல இருந்தாத்தான் பயமா இருக்குது. நீ எந்திரின்னு சொல்லுவ. நான் எந்திரிச்சிருவேன்."

அடுப்பில் பருப்பு பொங்கி நெருப்பை அணைத்துவிட்டது. போய்த் திரும்பப் பற்றவைத்தேன். புகை. கண்ணில் தண்ணீர் வந்தது. வந்து மீதிச் சடையைப் பின்னினேன். ஒரு சடை மேலே ஒரு சடை கீழே என்று ஆகிவிட்டது. அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

ஆடி 1, ஞாயிறு

மாதேஷ் வந்துவிட்டான். பெரிய பை கொண்டுவந்தான், காலிப் பை. அதைத் தனு கண்ணில் படுகிற மாதிரி கொடியில் மாட்டினான். தலையாடி என்று கோழி அடித்தேன். தின்றுவிட்டுத் தனுவிடம் கேட்டான், "என்னம்மா, அப்பாகூட வரியா?"

"நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்ப்பா."

"என்னத்தப் பாக்கப் போற?"

தனு என்னைப் பார்த்தாள். "ஆயா, நீயும் நாளைக்குப் பரிசல்ல வா. பெரிய தாத்தா வந்தாலும் எந்திரிக்காத. நீ எந்திரிக்கலைன்னா நான் போவேன்."

மாதேஷுக்குப் புரியவில்லை. "இது என்ன கதை?" என்றான். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவின பாத்திரத்தையே இரண்டாம் முறை கழுவினேன்.

வாழ வந்த மூன்றாம் நாள் முறத்தோடு குந்தியிருந்தபோது மாமா வந்ததைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன். மாமியார் கொள்ளிக்கட்டையைக் காலில் வைத்தார். தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு என் கால் என்னைக் கேட்பதில்லை. அவர் இருமல் கேட்டாலே தானாக எந்திரிக்கும்.

ஆடி 2, திங்கள்

பரிசலை இறக்கினார்கள். சித்தையன் துடுப்போடு முன்னால். மோனிஷாதான் ஒவ்வொருவராக ஏறச் சொல்லியது, பெரிய கண்டக்டர் மாதிரி. "நடுவுல கால வெய்யி. குந்து. பைய மடியில வெய்யி." கோகுல், கவின், செல்லாயி. பிறகு நான். பருத்த உடம்போடு நடுவில் கால் வைத்துக் குந்தினேன். ஆரஞ்சுச் சட்டை மார்பில் இறுக்கியது. தனு கடைசியாக வந்தாள். என் பக்கத்தில் குந்தவில்லை, எதிரே குந்தினாள். என் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாதேஷ் கரையில் நின்றான். டீச்சர் அக்கரையில் கையை ஆட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

தீர்த்தகிரி மாமா வந்தார். வெள்ளை வேட்டி, துண்டு, செருப்பு. இருமினார்.

என் முட்டி எந்திரிக்கப் பார்த்தது. நிஜமாகவே தொடை இறுகிக் குதிகால் ஊன்றியது. பரிசல் ஒரு விரல் அளவு ஆடியது. தனுவின் இரண்டு கையும் பையை நெரித்தன. நான் என் இரண்டு கையையும் என் முட்டிமேல் வைத்து அழுத்தினேன். பிடிக்காத ஆட்டைப் பிடித்து வைப்பது மாதிரி அழுத்தினேன். வியர்த்தது. தலையைக் குனிந்துகொண்டேன், முந்தானையைக்கூடச் சொருகவில்லை.

மாமா தண்ணீரில் நின்றார். ஒருவரும் எந்திரிக்கவில்லை. கவின் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு குந்தியிருந்தான்.

"இருசாயி" என்றார் மாமா. என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "குந்தியிருக்கியா?"

பதில் நான் சொல்லவில்லை. மோனிஷா சொல்லியது: "செருப்பக் கழட்டுங்க தாத்தா. நடுவுல கால வெய்யுங்க. ஏறுன உடனே குந்திரணும்."

சித்தையன் மகளை அதட்ட வாயைத் திறந்து அப்படியே மூடிக்கொண்டான். மாமா கரையைப் பார்த்தார். அங்கே ஊரே நின்றிருந்தது. குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நடுவில் கால் வைத்தார், எனக்கு எதிரே இடம் பார்த்துக் குந்தினார். அவர் தலையும் என் தலையும் ஒரே உயரத்தில். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டோம்.

கிணறு இருந்த இடத்தைத் தாண்டும்போது தனு கண்ணை மூடவில்லை. அக்கரையில் தானாக, நடுவில் கால் ஊன்றி இறங்கினாள். "சாயங்காலம் வரேன் ஆயா" என்றாள். டீச்சர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். திரும்பி வந்தபோது மாதேஷ் கொடியிலிருந்த காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தான். "சாயங்கால பஸ்ஸுக்குப் போறம்மா" என்றான். பணியாரம் சுட்டுக் கட்டிக் கொடுத்தேன். மாவு மிஞ்சியது, மோனிஷாவுக்கும் நாலு கொடுத்துவிட்டேன். அது வேறு.

விளிம்பில் கால் வைத்த தீர்த்தகிரி மாமாவை விட்டுவிட்டேன், குந்திவிட்டார். திருப்பிய சித்தையனை விட்டுவிட்டேன். கொள்ளி வைத்த மாமியார் போய்ச் சேர்ந்தாயிற்று. காலிப் பை கொண்டுவந்த மகனை, அவன் பெற்றவன், என்ன செய்ய. செல்லாயியின் அப்பளத்தைக்கூட இந்த ஆடியோடு மறக்கலாம் என்று பார்க்கிறேன்.

ஆனால் ஊர் கேட்க, டீச்சர் கேட்க, என் பேத்தி கேட்க, என் குரலிலேயே என்னைப் பேசிக் காட்டியதை மன்னிக்க மாட்டேன். பிள்ளை என்று பார்க்க மாட்டேன். சடையைப் பிடித்த கை என்றும் பார்க்க மாட்டேன். நான் சாகும்வரை மன்னிக்காதவள் ஒருத்திதான்: சித்தையன் மகள் மோனிஷா.